மணியின் வம்சாவளி

நம்மவர் பேச்சில் ‘ஜாதி நாய்’ என்னும் சொல் வெகுகாலமாக வழங்கிவருகிறது. தோட்டத்து லயத்திலும் சரி, பட்டணத்து மாடிவீட்டிலும் சரி, உயர்ந்த நாயைக் குறிக்க இதைவிட எளிதில் வாயில் வரும் சொல் வேறில்லை. ஜாதியை ஒழிக்கவேண்டுமென்று மேடையேறிப் பேசுகிற அன்பரே வீடு திரும்பியதும், வாசலில் கட்டியிருக்கும் தமது நாயைத் தடவிக்கொடுத்து, “இது சுத்தமான ஜாதி” என்று விருந்தினரிடம் பெருமை பேசக் கேட்டிருக்கிறோம். அவரைக் குற்றங்கூற நாம் முன்வரவில்லை. நாமும் அத்தகைய நாயொன்றை வளர்த்து, ஏறக்குறைய நான்காண்டு காலம் ஊரூராகக் கண்காட்சிகளுக்குக் கொண்டு சென்றவர்களே. அந்தப் பொழுதுபோக்கில் உள்ள இன்பமும் தொல்லையும் எத்தகையன, ஜாதி என்னும் சொல்லுக்கு நாய்களிடத்தில் என்னதான் பொருள் என்பவற்றை அங்கே கண்டபடி எழுதுகிறோம்.

முதலில் இதன் பூர்வோத்தரத்தைச் சொல்லிவிடுவது நலம். நாய்களை வரிசையாக நிறுத்தி, அங்க அழகு பார்த்துப் பரிசு கொடுக்கும் வழக்கம் ஆதிகாலத்தில் ஏற்பட்டதன்று. 1859-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் இங்கிலாந்திலுள்ள நியூகாசில் நகரில் நடந்ததையே இக்காலக் கண்காட்சிகளுக்கெல்லாம் முதலாவதாகக் கொள்கிறார்கள். பாயின்டர், செட்டர் என்னும் இருவகை வேட்டை நாய்கள் மட்டுமே அங்கு நிறுத்தப்பட்டன. கிடைத்த பரிசு துப்பாக்கி. 1873-ல் லண்டனில் கெனல் கிளப் தோன்றிற்று. மறுவருஷமே வம்சப் பதிவேடு அச்சாயிற்று. எந்த நாய் எந்த நாய்க்குப் பிறந்தது என்று எழுதிவைப்பதும், எழுதப்பட்டதற்குப் பிறந்ததே உயர்ந்தது என்பதும், பதிவேட்டில் இல்லாத நாயின் இரத்தம் ஒரு துளியும் உள்ளே வரலாகாது என்று கதவடைப்பதும் அதன்பின் வேரூன்றின.

நாம் வளர்த்தது ஜெர்மன் ஷெப்பர்டு என்னும் வகை. இதன் ஆதிபுருஷன் யார், எந்த நாளில் ஆதிபுருஷன் ஆனான் என்பதுகூடத் தெரியும். 1899-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி, ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக் கண்காட்சியொன்றில், குதிரைப்படையில் இருந்தவரான மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்பவர் ஒரு நாயைக் கண்டு மயங்கி விலைக்கு வாங்கினார். அதற்கு முன்னிருந்த பெயரை மாற்றி, ஹோராண்ட் ஃபான் கிராஃப்ராத் என்று புதுப்பெயர் சூட்டினார். அதே மாதத்தில் சங்கமொன்றைக் கூட்டி, அதன் ஏட்டில் அந்த நாயை முதல் எண்ணாகப் பதிந்தார். இன்று உலகெங்குமுள்ள அவ்வகை நாய்களெல்லாம் அதன் வழி வந்தவையாகவே பதிவாகியிருக்கின்றன. சூரியனிடமிருந்து வந்தோம், சந்திரனிடமிருந்து வந்தோம், அக்கினியிலிருந்து குதித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் மனிதர்களைக் காட்டிலும், சந்தைபோலக் கூடிய ஓரிடத்தில் விலைக்கு வாங்கப்பட்டவனிடமிருந்து வந்தோம் என்று பத்திரத்தில் ஒப்புக்கொள்ளும் நாய் யோக்கியமானது என்றே நமக்குத் தோன்றுகிறது.

பெயர் விஷயத்தில் இன்னொரு வேடிக்கையுண்டு. முதல் உலக யுத்தம் முடிந்த காலத்தில், ஜெர்மனி என்ற பெயரே ஆங்கிலேயருக்குக் கசந்தது. ஆகவே இதே நாயை அல்சேஷியன் என்று மாற்றியழைக்கலானார்கள். பிரிட்டிஷ் கெனல் கிளப் பழைய பெயருக்கு மீண்டது 1977-ல்தான். நம் நாட்டுத் தோட்டங்களில் இன்றும் பெரியவர்கள் ‘அல்சேசன்’ என்பது அந்த யுத்தத்தின் எச்சமே. நாய் இந்தச் சண்டை எதையும் அறியாது.

மலாயாவுக்கு இந்தப் பழக்கம் வெள்ளைக்காரத் துரைமாரோடு வந்தது. நம் தாய்மாமன் ஒருவர் இளவயதில் துரை பங்களாவில் நாய்ப் பையனாக இருந்தவர். காலையில் நாய்களை நடத்திச் செல்வதும், உண்ணி பொறுக்குவதும், சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுவதும் அவர் வேலை. பங்களா நாய்க்குத் தினந்தோறும் இறைச்சி வெந்தது. லயத்தில் இறைச்சி சம்பளத்துக்கு மறுநாள்தான். இதைச் சொல்லும்போது அவரிடத்தில் கோபம் இராது. “நாய் என்ன செய்யும், ஐயா? அது என் கையைத்தான் நக்கும், துரை கையை நக்காது” என்று சிரிப்பார். நாய்களை நிறுத்தும் விதம், பல்லைப் பார்க்கும் விதம் எல்லாம் அவரிடமே நாம் முதலில் கற்றோம். துரை வெள்ளிக் கிண்ணம் வாங்கிய கண்காட்சியில் கயிற்றைப் பிடித்து ஓடியவர் அவர்தானாம். கிண்ணத்தோடு எடுத்த படத்தில் அவர் இல்லை.

இது நிற்க. நம் நாய்க்குட்டி எட்டு வாரத்தில் வீட்டுக்கு வந்தது. மூவாயிரம் வெள்ளி விலை. சில மாதங்களுக்குப் பின் அதன் வம்சாவளிப் பத்திரம் தபாலில் வந்தது. அதில் குட்டிக்கு ஒரு நீண்ட ஜெர்மன் பெயர் இருந்தது. நம் வீட்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. பெட்டைக் குட்டியாயினும் பிள்ளைகள் அதற்கு ‘மணி’ என்று பெயரிட்டுவிட்டார்கள். பத்திரத்தை விரித்தால் ஐந்து தலைமுறை. தாய் தந்தை இருவர், அவர்க்கு மேல் நால்வர், எண்மர், பதினாறு, முப்பத்திரண்டு. ஆக 62 பெயர்கள். நம் மகன் அவற்றை விரல்விட்டு எண்ணிவிட்டு, “நம் தாத்தாவுடைய தாத்தா பெயர் என்ன?” என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை. நம் தந்தையார் இருந்திருந்தாலும் தெரிந்திராது. பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார் என்பதற்குமேல் நம் குடும்பத்தில் எழுத்தில் ஒன்றுமில்லை. ஊர்ப்பெயரை எழுதிய கிராணி அதையும் பிழையாக எழுதினார் என்பது கேள்வி. எனவே நம் வீட்டில் கொள்ளுப்பாட்டன்வரை எழுத்திலுள்ள ஒரே ஜீவன் மணிதான். அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், நாமும் சிரித்தோம். எனினும் அன்றிரவு வெகுநேரம் அந்தப் பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறு மாதத்தில் களத்துக்குப் பழக்கத் தொடங்கினோம். நான்கு கால்களையும் இப்படி வை, அப்படி வை என்று நிறுத்துவது, தோல்வார் தளராமலும் இழுபடாமலும் ஓடுவது, அந்நியர் ஒருவர் வந்து உதட்டைத் தூக்கிப் பல் எண்ணும்போது அசையாமல் நிற்பது ஆகிய இவையே பாடம். இவ்வகை நாய்க்குப் பற்கள் 42 இருக்கவேண்டும். கடைவாயோரம் ஒரு சிறுபல் முளைக்காமற்போனாலும் மதிப்புக் குறையும். நம் அண்டை வீட்டார் மலாய் அன்பர். நாயின் ஈரம் மேலே படுவது அவர்கள் சமயத்துக்கு ஒவ்வாது. ஆகவே குளிப்பாட்டலும் ஓட்டமும் நம் வேலிக்குள்ளேயே நடந்தன. வெளியே கொண்டுபோகும்போது எதிர்ப்புறமாகவே போவோம். அவ்வன்பரோ வேலிக்கு அப்பால் நாற்காலி போட்டமர்ந்து, “இன்று நேற்றைவிட நன்றாக ஓடுகிறது” என்று தீர்ப்புச் சொல்வார். அவர் சொன்னது பெரும்பாலும் களத்திலும் பலித்தது.

கண்காட்சி நாள் என்பது விடியற்காலம் மூன்று மணிக்குத் தொடங்குவது. வெயிலேறுமுன் நெடுஞ்சாலையைக் கடந்துவிட வேண்டும். வண்டியில் நாய்க்கூண்டு, தண்ணீர்ப் புட்டிகள், பனிக்கட்டிப் பெட்டி, சீப்பு வகைகள், சட்டைப்பைக்குள் வேகவைத்த ஈரல் துண்டுகள். இந்த ஈரல் வாசனை சட்டையை விட்டுப் போவதேயில்லை. போய்ச்சேர்ந்தால் அங்கே ஒரு தனி உலகம். சீனர், தமிழர், சீக்கியர், யூரேஷியர் எல்லோரும் ஒருவர் நாயை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஒருவர் சோற்றுப் பொட்டலத்தை ஒருவர் பிரித்துத் தின்று, நாய்க் காய்ச்சலுக்கு எந்த மருந்து நல்லது என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அந்த மண்டபத்தில் மனிதரின் ஜாதியை யாரும் கேட்டு நாம் அறிந்ததில்லை. நாயின் ஜாதியைப் பற்றியே பேச்சு.

ஷெப்பர்டு நாய்களுக்கென்றே நடக்கும் தனிக் கண்காட்சியில் ஒரு வேடிக்கையான வழக்கம் உண்டு. கயிற்றைப் பிடித்து ஒருவர் களத்தில் ஓடுவார்; நாய்க்குப் பிரியமான மற்றொருவர் வேலிக்கு வெளியே ஓடிக்கொண்டே பெயர் சொல்லிக் கூவுவார். அவரைத் தேடி நாய் தலைநிமிர்ந்து, காது விறைத்து, இழுத்துக்கொண்டு ஓடும். அதுவே நடுவர் கண்ணுக்கு அழகு. எல்லா வகை நாய்களும் கலந்துகொள்ளும் பொதுக் கண்காட்சிகளில் இது முறையன்று எனக் கருதுவார்கள். இங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. நம் துணைவியார் வீட்டில் உரக்கப் பேசியறியாதவர். அவர் கையில் ஒரு தகரக் குவளையும் கரண்டியுமாக, “மணீ! மணீ!” என்று கூவிக்கொண்டு, சேலையை இடுப்பில் செருகி வேலியோரம் ஓடிய காட்சியைக் காண நம் உறவினர் யாரும் அங்கில்லாமற் போனது பெரிய நஷ்டம். முதற் சான்று கிடைத்தது அன்றுதான். நடுவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். நம் கையைக் குலுக்கிவிட்டு, வேலிப்பக்கம் திரும்பித் துணைவியாருக்கும் தலைவணங்கினார்.

இன்பம் இத்தகையது. தொல்லைகளோ பல. சனிக்கிழமை ஒரு நடுவர் முதலிடம் கொடுத்த அதே நாயை, ஞாயிற்றுக்கிழமை மற்றொருவர் அதே களத்தில் நான்காவதாக நிறுத்துவார். ஒரே இரவில் நாய் எப்படிக் கெட்டது என்று கேட்பதற்கில்லை. பணங்கட்டி வாங்குவது அவர் அபிப்பிராயத்தைத்தானே. பெட்டை நாய்க்குப் பருவம் வந்துபோன சில மாதங்களில் மயிர் கொத்துக் கொத்தாக உதிர்ந்து, ஷெப்பர்டு நாய் நரிபோல் ஆகிவிடும். அந்தக் காலத்தில் கண்காட்சிப் பேச்சே கிடையாது. மழைக்குப்பின் உண்ணிக் காய்ச்சல் வந்து, மணி எட்டு நாள் சோறு தொடாமல் படுத்திருந்தது. அந்த மாதச் சம்பளத்தில் பாதி மருத்துவருக்குப் போயிற்று. சர்வதேச சாம்பியன் பட்டம் வேண்டுமானால் மூன்று நாடுகளில், மூன்று நடுவர்களிடம், நான்கு சான்றுகள் பெறவேண்டும். முதற் சான்றுக்கும் கடைசிக்கும் இடையே ஓராண்டும் ஒரு நாளும் கழிய வேண்டும். பாங்காக்குக்கு நாயை விமானத்தில் அனுப்பும் அன்பர்கள் உண்டு. மாதச் சம்பளக்காரரான நாம் உள்நாட்டுப் பட்டத்தோடு ஆசையை நிறுத்திக்கொண்டோம்.

களத்தோரப் பேச்சில் ஒரு கணக்கு அடிக்கடி அடிபடும். “இந்தக் குட்டி இன்ன நாயின்மேல் 3-3” என்பார்கள். அதாவது, தாய் வழியிலும் தந்தை வழியிலும் மூன்றாம் தலைமுறையில் ஒரே நாய் இருக்கிறதென்று அர்த்தம். பேரெடுத்த நாயின் முகமும் முதுகும் குட்டிகளுக்கு நிச்சயமாக வரவேண்டுமென்று, அதன் இரத்தத்தையே மேலும் மேலும் கூட்டுவது இந்த வித்தையின் இரகசியம். அழகு கூடுகிறது, கூடவே ஒளிந்திருக்கும் பிணிகளும் இரு பக்கத்திலிருந்தும் வந்து சேருகின்றன. தகப்பனையும் மகளையும் சேர்த்துப் பிறந்த குட்டிக்கு, ஒரே முன்னோரிடமிருந்து ஒரே கூறு இருமடியாக வந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 25. இதே கணக்கை மனிதருக்குப் போட்டால், அம்மான் மகளை மணந்து பிறந்த பிள்ளைக்கு ஆறேகால்; அக்காள் மகளை மணந்து பிறந்த பிள்ளைக்குப் பன்னிரண்டரை. சொத்துப் போகக்கூடாது, குலம் மாறக்கூடாது என்று இன்றும் உறவுக்குள்ளேயே பெண் தேடும் நம்மவர், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்குமுன் இந்தக் கணக்கை ஒருமுறை பார்ப்பாராக.

2008-ம் ஆண்டில் பி.பி.சி. தொலைக்காட்சி, ஜாதி நாய்களின் பிணிகளைப் படம்பிடித்துக் காட்டிற்று. மூளைக்கு இடம் போதாத மண்டையும், மூச்சுவிட இயலாத மூக்கும் பரிசுபெற்ற நாய்களிடத்திலேயே இருப்பதைக் கண்டு இங்கிலாந்து திடுக்கிட்டது. மறு வருஷம் கெனல் கிளப், தாயும் மகனும், தகப்பனும் மகளும், உடன்பிறந்தவையும் சேர்ந்து ஈன்ற குட்டிகளைப் பதிய மறுத்துச் சட்டம் செய்தது. பதிவேடு தொடங்கி நூற்றுமுப்பது ஆண்டுகளுக்குப் பிறகு! 2016-ல் கிரஃப்ட்ஸ் என்னும் பெருங் கண்காட்சியில், தன் வகையில் முதலாவதாக வந்த ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு, முதுகு பின்புறம் சரிந்து, பின்னங்கால் தடுமாறி நடந்ததைப் பார்த்து ஜனங்கள் கொதித்தனர். அந்தப் படத்தை நம் வீட்டிலும் எல்லோரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் பேசவில்லை. மணியின் முதுகு அவ்வளவு சரிவன்று, ஆனால் நேருமன்று.

இதற்கிடையில் மணிக்கு இரண்டாவது சான்றும் அதன்பின் மற்றொன்றும் வந்தன. சாம்பியன் பட்டத்துக்கு ஒன்றே குறை. அப்போது ஒரு சாம்பியன் ஆண் நாயின் சொந்தக்காரர் நம்மிடம் வந்தார். இரண்டையும் சேர்த்தால் குட்டி ஒன்று மூவாயிரம் வெள்ளிக்குக் குறையாது. எட்டுக் குட்டி என்றால் கணக்கை நீங்களே பாருங்கள் என்றார். சேர்க்குமுன் இடுப்பைப் படம்பிடித்துப் பார்ப்பது நல்லதென்று மருத்துவர் சொன்னார். மயக்க மருந்து கொடுத்து, மணியை மல்லாக்கக் கிடத்திப் படமெடுத்தார்கள். தொடையெலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் கொட்டாங்கச்சிக்குள் அடங்கிய எலுமிச்சம்பழம்போல் பொருந்தியிருக்க வேண்டும். மணிக்கோ அது தட்டில் வைத்த பழம்போல் இருந்தது. இடப்புறம் மிகவும் மோசம். இது பிறப்பினால் வருவது. ஒரு கூறினால் அல்லாமல் பல கூறுகள் சேர்ந்து வருவது. தீனியும் ஓட்டமும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் என்று விளக்கினார். தாயும் தந்தையும் சாம்பியன்கள் ஆயிற்றே என்றோம். “சாம்பியன் பட்டம் இடுப்பைப் பார்த்தா கொடுக்கிறார்கள்?” என்றார் மருத்துவர்.

ஆண் நாயின் சொந்தக்காரரிடம் படத்தைக் காட்டினோம். அவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, சாவதானமாக உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “குட்டி வாங்குகிறவன் பத்திரத்தைத்தான் கேட்பான், படத்தை யார் கேட்கிறான்? பத்திரம் பொன்னாக இருக்கிறதே” என்றார். அவர் பொல்லாதவர் அல்லர். நம் மணி காய்ச்சலில் கிடந்தபோது இரவு பதினோரு மணிக்கு மருந்து கொண்டுவந்து கொடுத்தவர். எல்லோரும் செய்வதையே அவரும் சொன்னார்.

இருபத்துநாலாயிரம் வெள்ளி நம் வீட்டுக்குச் சிறு தொகையன்று. மகனின் கல்லூரிப் பணம் பாதி கட்டப்படாமல் நின்றது. நாம் இரண்டு நாள் யோசித்தோம். மூன்றாம் நாள் சாப்பாட்டு வேளையில் துணைவியார் சொன்னார்: “குலம் பெரியது என்று சொல்லி, நோயை மறைத்து, என் அக்காளை ஒரு வீட்டில் கட்டிக்கொடுத்தார்கள். நம் குடும்பத்துக்கு அந்த ஒரு கதை போதுங்க.” அந்த அக்காளை நாம் அறிவோம். கல்யாணமான ஆறாம் வருஷம் கைம்பெண்ணானவர். மாப்பிள்ளையின் நோய் அவ்வீட்டார் எல்லோருக்கும் முன்பே தெரிந்திருந்தது. நாம் மறுவாரமே மணிக்குக் கருப்பை எடுக்கும் சிகிச்சையைச் செய்வித்தோம். குறைவாயிருந்த அந்த ஒரு சான்றுக்குப் போகவுமில்லை. களத்தில் சுற்றுச் சுற்றாக ஓட்டுவது அந்த இடுப்புக்கு ஆகாது.

கண்காட்சி நண்பர்கள் சிலர் நம்மைப் பைத்தியக்காரர் என்றார்கள். இருவர் மட்டும் தனியே வந்து, எங்கே படமெடுத்தீர்கள், என்ன செலவாயிற்று என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்கள். அவர்களுள் ஒருவருடைய நாயின் இடுப்பு நன்றாயிருந்தது. அதன் குட்டிகளை விற்கையில் படத்தையும் பத்திரத்தோடு சேர்த்துக் கொடுத்தார் என்று கேள்வி.

இந்த நாட்டுக்கே உரிய நாயொன்று உண்டு என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தோம். பகாங் மலைக்காடுகளில் ஓராங் அஸ்லி மக்கள் தம் குடிசைகளில் வளர்த்த சிறு நாய் அது. 1963-ல் எல்லியட் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு ஜோடியை அமெரிக்காவுக்குக் கொண்டுபோக, தெலோம் ஆற்றின் பெயரால் அதற்குத் டெலோமியன் என்று பெயரிட்டார்கள். நாம் போன கண்காட்சிகளில் ஸ்காத்லாந்து நாயையும் சீபீரிய நாயையும் கண்டோம். பனிப்பிரதேசத்து நாயைக் குளிர்பதன மண்டபத்தில் வைத்து, வாசலில் வண்டி வரும்வரை வெளியே விடாமல் காப்பாற்றினார்கள். பகாங் நாயை ஒருமுறையும் கண்டதில்லை.

மணிக்கு இப்போது பத்து வயது. படியேறுவதில்லை, கீழ்வீட்டுத் திண்ணையே அதன் ராஜ்யம். காலையில் அண்டை வீட்டு மலாய் அன்பர் பேரப்பிள்ளையோடு வேலிக்கு அப்பால் வந்து நின்றால், படுத்தபடியே வாலை ஆட்டும். பத்திரம் நம் அடையாளச் சீட்டுகளோடும் பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களோடும் அதே அலமாரியில் இருக்கிறது. எக்ஸ்ரே படத்தையும் அதனுள் மடித்து வைத்திருக்கிறோம்.

கண்காட்சிக்குப் போவதை நாம் முற்றிலும் விட்டோமில்லை. நாயில்லாமல், நாற்காலியும் சோற்றுப் பொட்டலமுமாகப் போய்வருகிறோம். அந்தக் கூட்டமும் இரைச்சலும் அத்தகையது. சென்ற முறை ஷெப்பர்டு நாய்களின் ஓட்டம் சூடுபிடித்த வேளையில், துணைவியார் பழக்கதோஷத்தால் எழுந்து வேலியோரம் போய், “மணீ!” என்று ஒரு கூவல் கூவிவிட்டார். களத்தில் ஓடிக்கொண்டிருந்த ஏழு நாய்களில் இரண்டு திரும்பிப் பார்த்தன.